சம்பளத் துண்டில் ஒரு வரி

அம்மாவின் தகரப் பெட்டியை அன்று திறந்தது சேமலாப நிதிக் கடிதம் ஒன்றைத் தேடி. பதுளையிலிருந்து நமுனுகுலை மலையைப் பார்த்தபடி ஏறும் பாதையில் வரிசையாக வரும் தோட்டங்களில் ஒன்று எங்களுடையது. இன்றும் அதே லயத்து வரிசை வீட்டில்தான் அம்மா இருக்கிறார். இஸ்தோப்புத் திண்ணையில் பாயை விரித்து, பெட்டியில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், தாத்தாவின் குடியுரிமைக் கடதாசிகள், தம்பியின் தடுப்பூசி அட்டை, அடியில் நூலால் கட்டிய சம்பளத் துண்டுகள். 1979இல் பேர் பதிந்த மாதம் தொடங்கி 2016இல் வேலையை விட்ட மாதம் வரை அம்மா ஒன்றையும் வீசவில்லை. சில கட்டுகள் மழைக்கால ஈரத்தில் ஒட்டிப்போய்க் கிடந்தன.

கைக்கு வந்த ஒரு துண்டைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வரவு: எத்தனை ‘பேர்’, அதாவது எத்தனை நாள் வேலை, எத்தனை அரைப்பேர், கூடுதல் கொழுந்துக்கு எவ்வளவு. மறுபக்கம் பிடித்தம்: சேமலாப நிதி, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள், கோவில், டோபி. அந்த வரிசையில் இன்னொன்று: சங்கச் சந்தா. அடுத்த துண்டிலும் அந்த வரி இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. டோபி வரி ஒரு காலத்தில் காணாமல் போனது. தீபாவளி முற்பணம் வந்து வந்து போனது. சந்தா வரி மட்டும் முப்பத்தேழு வருடங்களும் அங்கேயே இருந்தது.

அந்த வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அமெரிக்கத் தேர்தலைப் பற்றியும் பேசப் போகிறேன். இரண்டும் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பிள்ளை கேட்ட கேள்வி

அது 2024 ஒக்டோபர். நம் நாட்டில் செப்டம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் முடிந்து, நவம்பர் 14ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தலுக்கு நாள் குறித்திருந்தார்கள். இடையில் நவம்பர் 5ஆம் திகதி அமெரிக்காவில் தேர்தல். உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு இதைவிட நல்ல காலம் கிடைக்காது. கரும்பலகையில் அமெரிக்க முறையை வரைந்து விளக்கினேன். அங்கே மக்கள் போடும் வாக்கு நேரே ஜனாதிபதியைத் தெரிவு செய்வதில்லை. மாநிலந்தோறும் தேர்வாளர்கள் இருக்கிறார்கள். மொத்தம் 538 பேர். 270 பேர் யார் பக்கம் சேர்கிறார்களோ அவர் ஜனாதிபதி. மேய்ன், நெப்ராஸ்கா இரண்டையும் தவிர மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு அதிகமாக எடுத்தவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்விடுவார்கள். அதனால்தான் 2000இலும் 2016இலும் நாடு முழுக்கக் கூடுதல் வாக்குப் பெற்றவர்கள் தோற்றார்கள்.

பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பசறைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்.

“சேர், அங்க எலக்சன் கேக்குறவங்களுக்கு யாரு சல்லி குடுக்குறது?”

“விரும்புறவங்க குடுக்கலாம். ஆனா அதுக்குச் சட்டம் இருக்கு.”

“இங்க?”

அந்த ஒற்றைச் சொல்லுக்கு என்னிடம் முழுமையான பதில் இருக்கவில்லை. “அடுத்த பாடத்துல சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாவின் பெட்டி திறந்தது.

அமெரிக்காவில் காசு போகும் வழி

முதலில் அமெரிக்காவை முடித்துவிடுவோம்.

தேர்தல் பணத்தைப் பற்றிய அவர்களுடைய அடிப்படைச் சட்டம் 1971இல் வந்தது. வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1974இல் அதைத் திருத்தி, கண்காணிக்க ஒரு கூட்டாட்சித் தேர்தல் ஆணைக்குழுவையும் அமைத்தார்கள். யார் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. 2024 தேர்தலில் ஒரு தனிமனிதர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,300 டொலர் வரை கொடுக்க முடிந்தது. நம் காசில் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நம் தோட்டக் கணக்கில் எழுநூறு பேருக்கு மேல்.

தோட்டத்தில் இல்லாதவர்களுக்காக ஒரு சொல். ‘பேர்’ என்றால் எங்களுக்கு ஒரு நாள் வேலை. காலையில் பிரட்டுக்களத்தில் பேர் பதிந்து, மாலையில் குறித்த கிலோ கொழுந்தை மடுவத்தில் நிறுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்தபடி அப்போது ஒரு பேருக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. பணத்தைப் பேராக மாற்றிப் பார்க்கும்போதுதான் எனக்கு அதன் எடை தெரிகிறது. அதனால் இந்தப் பதிவு முழுக்க அப்படித்தான் கணக்குப் பார்க்கப் போகிறேன்.

கொடுப்பதற்கு வரம்பு இருக்கிறது, செலவழிப்பதற்கு இல்லை. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1976இல் ஒரு வழக்கில், தேர்தலுக்குப் பணம் செலவழிப்பதும் கருத்தை வெளியிடுவதில் அடங்கும், அதைத் தடுப்பது பேச்சுரிமையைத் தடுப்பதாகும் என்று தீர்ப்புச் சொன்னது. 2010இல் ‘சிட்டிசன்ஸ் யுனைட்டட்’ என்ற வழக்கில் இன்னும் ஒரு படி போனது. கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரோடு கலந்து பேசாமல், தனியாக நின்று எவ்வளவும் செலவழிக்கலாம் என்றது. அதன் பிறகு முளைத்தவைதான் ‘சூப்பர் பேக்’ என்னும் குழுக்கள். அவற்றுக்கு யாரும் எவ்வளவும் கொடுக்கலாம். 2024இல் இலோன் மஸ்க் என்ற ஒரே மனிதர் டிரம்ப் பக்கத்துக்காகச் செலவிட்ட தொகை 25 கோடி டொலரைத் தாண்டியது.

இந்தத் தொகை நமக்கு எப்படித் தெரியும்? இதைத்தான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர்களுடைய ஆணைக்குழுவிடம் கணக்குக் கொடுத்தாக வேண்டும். ஒருவர் ஒரு வேட்பாளருக்குக் கொடுத்தது மொத்தம் 200 டொலரைத் தாண்டினால் அவருடைய பெயர், தொழில், வேலை கொடுப்பவர் யார் என்பதெல்லாம் பதிவாகிறது. அந்தப் பதிவை உலகத்தில் எவரும் திறந்து பார்க்கலாம். பதுளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டே கைத்தொலைபேசியில் பார்க்கலாம். சில அமைப்புகள் இலாபநோக்கற்ற சங்கம் என்ற பெயரில் கொடுத்தவர்களை மறைக்கின்றன, அது அங்கே பெரிய சண்டை. பணம் அந்த நாட்டு அரசியலை ஆட்டிப் படைக்கிறது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆட்டுகிற கை யாருடையது என்று பெரும்பாலும் பெயர் சொல்ல முடிகிறது.

வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட ஒரு செய்தியும் உண்டு. அம்மாவின் துண்டுகளைப் பார்த்த பிறகுதான் அதன் முக்கியம் எனக்கு உறைத்தது. ‘பேக்’ என்ற அந்த அரசியல் செயற்பாட்டுக் குழு முறை முதலாளிகள் கண்டுபிடித்தது இல்லை. தொழிலாளர்கள் கண்டுபிடித்தது. 1943இல் அமெரிக்கக் காங்கிரஸ், சங்கச் சந்தாவிலிருந்து வேட்பாளர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று போர்க்காலச் சட்டம் போட்டது. உடனே அங்கே ஒரு பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு, சந்தாப் பெட்டியைத் தொடாமல், விரும்பிய தொழிலாளர்கள் தனியாகக் கொடுக்கும் பணத்துக்கென்று வேறொரு பெட்டி வைத்தது. அதுதான் முதல் ‘பேக்’. 1947இல் அந்தத் தடை நிரந்தரமானது. ஆக அந்த நாட்டுத் தொழிலாளிக்கு அன்றே இரண்டு பெட்டி: சங்கத்துக்கு ஒன்று, அரசியலுக்கு ஒன்று.

வாக்கு இல்லாத காலத்தில் சந்தா

அதே 1947இல்தான் இங்கே மலையகத் தமிழரான நம் ஆட்கள் நாடாளுமன்றம் போனார்கள். இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து தெரிவான ஏழு பேரில் ஒருவர் பதுளையின் எஸ். எம். சுப்பையா. அடுத்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம் நம் ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வாக்கில்லை என்றார்கள். மலை முழுக்க வாக்காளர் இடாப்பில் இருந்த பெயர்கள் அழிந்தன. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மனிதர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் லயத்திலும் பாதிக் காம்பராக்கள் காலியானதை அம்மா பார்த்திருக்கிறார். கடைசியில் 1988 சட்டமும் 2003 சட்டமும் வந்த பிறகுதான் நாடற்றவர் என்ற சொல் சட்டப்படி மறையத் தொடங்கியது.

அம்மா வாழ்க்கையில் முதன்முதலாக வாக்களித்தது 1994இல். அப்போது அவருக்கு 33 வயது. சந்தா கட்டத் தொடங்கியது 18 வயதில்.

இஸ்தோப்பில் உட்கார்ந்து இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பதினைந்து வருடங்கள். இந்த நாட்டில் அம்மாவுக்கு வாக்கு இல்லாத அந்தப் பதினைந்து வருடங்களும் மாதா மாதம் அவர் சம்பளத்திலிருந்து போன அந்தச் சில ரூபாதான் அவருடைய வாக்கு. வேறு எந்தப் பெட்டியிலும் அவர் எதையும் போட முடியவில்லை. இந்தப் பெட்டியில் போட்டார்.

அது வீணாகவும் போகவில்லை. இதை எழுதாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன். 1984 ஏப்ரலில் தோட்டங்கள் எல்லாம் வேலைநிறுத்தத்தில் இறங்கியதன் பலனாகத்தான் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. அம்மாவுக்கு அப்போது 23 வயது. “அந்த மாசந்தான் ஒங்க அப்பா சம்பளமும் என் சம்பளமும் ஒண்ணா இருந்துச்சு” என்று இன்றும் சொல்வார். அதற்கு முன்னரும் நம் மாவட்டத்துக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வரலாறு உண்டு. 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிவு செய்து, அந்தச் சபையோடு கலந்து பேசித்தான் தோட்டத்தை நடத்துவேன் என்று வெள்ளைக்காரத் துரையை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். தப்படித்து ஆள் கூட்டி, தாங்களே தங்களுக்குள் தெரிவு செய்துகொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

சங்கம் நமக்கு வெறும் சம்பளச் சங்கமாக இருந்ததில்லை. குடியுரிமைக் கடதாசி எழுத, பொலிசுக்குப் போக, கலியாணத்துக்கு முற்பணம் கேட்க, சாவு வீட்டுக்கு லொறி பிடிக்க எல்லாவற்றுக்கும் தலைவர்தான். வாக்குரிமை திரும்பி வந்தபோது அந்தச் சங்கங்களே தேர்தலிலும் நின்றன. சங்கமும் கட்சியும் ஒரே கொடி, ஒரே ஆள், ஒரே காரியாலயம். இதில் எனக்குக் குறை இல்லை. தொழிலாளியின் சங்கம் தொழிலாளியின் பிரதிநிதியை அனுப்புவது நியாயம்தான். நான் கேட்பது அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும்.

அதற்கும் இங்கே சட்டம் இருக்கிறது. பிரித்தானியாவில் 1913இல் வந்த ஏற்பாடு, இந்தியாவில் 1926இல் வந்தது, இலங்கையில் 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தில் இடம்பிடித்தது. சங்கம் அரசியலுக்குச் செலவழிக்கலாம், வேட்பாளரின் தேர்தல் செலவுக்கும் கொடுக்கலாம். ஆனால் அதற்கென்று தனி நிதி வைக்க வேண்டும். அந்த நிதிக்குத் தனியாகப் பணம் சேர்க்க வேண்டும். அதற்குக் கொடுக்கச் சொல்லி எந்த அங்கத்தவரையும் வற்புறுத்தக் கூடாது. கொடுக்கவில்லை என்பதற்காக அவருடைய சங்க உரிமைகளைக் குறைக்கவும் கூடாது. அமெரிக்கத் தொழிலாளி 1943இல் வைத்த இரண்டு பெட்டிகள், நம் சட்டப் புத்தகத்தில் அதற்கு எட்டு வருடம் முன்னரே இருக்கின்றன.

அம்மாவின் துண்டில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

ஊவாவில் தேர்தல் கேட்பதற்கு ஏன் இவ்வளவு சல்லி

ஊவா மாகாணத்தில் நம் பதுளை மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மகியங்கனை வயல்வெளியில் தொடங்கி வியலுவ, பசறை, பதுளை, ஹாலிஎல, ஊவா பரணகம, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஒன்பது தொகுதிகள். 1989 முதல் நடைமுறையில் இருக்கும் விருப்பு வாக்கு முறையில் இந்த ஒன்பதும் ஒரே களம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் பதுளைக்கு ஒன்பது ஆசனங்கள். ஒவ்வொரு கட்சியும் பன்னிரண்டு பேரை நிறுத்தலாம். வாக்காளர் ஒரு கட்சிக்கு வாக்களித்து, அந்தக் கட்சிக்குள் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். அதனால் வேட்பாளருக்கு முதல் போட்டி எதிர்க்கட்சியோடு இல்லை, தன் பட்டியலில் இருக்கும் மற்றப் பதினொரு பேரோடு. கட்சி ஒரு பக்கம் செலவழிக்க, தன் இலக்கத்தை ஆட்களின் மனதில் பதிக்க வேட்பாளர் தனியாகச் செலவழிக்க வேண்டும். மகியங்கனையில் ஒரு கூட்டம், அன்று மாலையே அப்புத்தளை தம்பேதன்னையில் ஒன்று. வான், டீசல், மைக் செட், சாப்பாடு, சுவரொட்டி, இப்போது முகநூல் விளம்பரமும்.

இந்த முறையில் முகம் தெரிந்தவருக்கும் கை நீண்டவருக்கும்தான் வாய்ப்பு. 2014 செப்டம்பர் 20ஆம் திகதி நடந்த ஊவா மாகாண சபைத் தேர்தலில் ஹரின் பெர்னாண்டோ என்ற வேட்பாளர் 1,73,993 விருப்பு வாக்குகள் எடுத்தார். ஒரு மாவட்டத்தில் அத்தனை பேர் ஒரு இலக்கத்தை ஞாபகம் வைத்துக் குறியிட வேண்டும் என்றால் அதற்குப் பின்னால் எவ்வளவு ஓட்டம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அரச வளங்கள் பிரசாரத்துக்குப் போகின்றன என்று கண்காணிப்பு அமைப்புகள் ஓயாமல் முறையிட்ட தேர்தலும் அதுதான். அதற்குப் பிறகு ஊவாவில் மாகாண சபைத் தேர்தல் நடக்கவே இல்லை.

லயத்துக்கு வந்து சேரும் சாமான் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அரிசிப் பை, கூரைத் தகரம், பொடியன்களுக்குக் கரப்பந்தும் வலையும், முதல் நாள் இரவில் போத்தல். தேர்தல் சட்டப்படி வாக்குக்காக விருந்து கொடுப்பதும் பொருள் கொடுப்பதும் ஊழல் குற்றம். ஆனால் மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவரிடம் தகரத்தை வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அது அவருடைய பிழையும் இல்லை. நான் கேட்கச் சொல்வது வேறொன்று. அந்தத் தகரத்தை வாங்கிய சல்லி எங்கிருந்து வந்தது? கம்பனியிடமிருந்தா, கொந்தராத்துக்காரரிடமிருந்தா, அரசாங்கத் திணைக்களத்திடமிருந்தா, நம் சந்தாவிலிருந்தா? கொடுத்தவர் நாளைக்குத் திருப்பி என்ன கேட்பார்? சம்பளப் பேச்சுவார்த்தையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருபவரே இந்தப் பக்கத்து ஆளுக்கும் செலவழித்திருந்தால் சம்பளத்தில் ஒரு ரூபா கூட்டிக் கேட்பதற்கு இந்தப் பக்கத்தவருக்கு நாக்கு எழும்புமா?

109 ரூபா

இந்தக் கேள்விகளைக் கேட்க இப்போது நமக்கு ஒரு சட்டம் கிடைத்திருக்கிறது. முன்பு இந்த நாட்டில் வேட்பாளர்கள் செலவுக் கணக்குக் கொடுக்கும் கடமை இருந்தது. 1981இல் விகிதாசார முறைக்குப் புதிய தேர்தல் சட்டம் எழுதியபோது அது விடுபட்டுப் போனது. நாற்பது வருடங்களுக்கு மேல் இலங்கையில் தேர்தல் செலவுக்கு வரம்பும் இல்லை, கணக்கும் இல்லை. 2023இல்தான் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம், அந்த ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், நிறைவேறியது.

2024 ஜனாதிபதித் தேர்தலில் அது முதன்முதலாகப் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று தேர்தல்கள் ஆணைக்குழு வரம்பு போட்டது. பதிவான வாக்காளர்கள் 1,71,40,354 பேர். பெருக்கினால் 186,82,98,586 ரூபா. ஒரு வேட்பாளர் அதற்கு மேல் போகக் கூடாது.

இதைப் பேராக மாற்றிப் பார்த்தேன். பதின்மூன்று இலட்சத்து எண்பத்து மூவாயிரம் பேருக்கு மேல் வருகிறது. வருடத்துக்கு முந்நூறு நாள் ஒரு அம்மா கொழுந்து பறித்தால், 4,600 வருடங்கள் பறிக்க வேண்டும். வரம்பு என்று சட்டம் சொல்வதே இவ்வளவு. வரம்பே இல்லாமல் இருந்த நாற்பது வருடங்களை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

சட்டம் இன்னும் சில நல்ல காரியங்களைச் செய்கிறது. அரசாங்கத் திணைக்களங்கள், கூட்டுத்தாபனங்கள், வெளிநாட்டு அரசுகள், வெளிநாட்டுக் கம்பனிகள், பெயர் வெளியிடாதவர்கள் ஆகியோரிடம் வேட்பாளர்கள் நன்கொடை வாங்கக் கூடாது. பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் எவ்வளவு வந்தது, யாரிடமிருந்து வந்தது, எதற்குச் செலவானது என்று கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் குற்றம், பொய்க் கணக்கும் குற்றம். கொடுக்காத வேட்பாளர்கள் மீது நடவடிக்கையும் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கணக்குகளை மக்கள் பார்க்கலாம். நம் மாவட்ட வேட்பாளருடைய கணக்கு பதுளைத் தேர்தல் அலுவலகத்தில்தான் இருக்கும். கட்டணம் கட்டிப் பார்க்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நம் பக்கம் இருக்கிறது.

அமெரிக்காவில் செலவுக்கு வரம்பு இல்லை, ஆனால் கொடுத்தவரின் பெயரைத் தேடிப் பார்க்கும் பழக்கம் ஊறிப்போய்விட்டது. பத்திரிகைகள் பார்க்கின்றன, பல்கலைக்கழகங்கள் பார்க்கின்றன, எதிர்த்தரப்பு பார்க்கிறது. இங்கே வரம்பு வந்துவிட்டது, கணக்கும் வரத் தொடங்கிவிட்டது, போய்ப் பார்க்கிறவர்கள் இன்னும் வரவில்லை. கணக்கைக் கேட்க ஆள் வராத இடத்தில் எந்தச் சட்டமும் நாளடைவில் அலுமாரிக்குள் தூங்கிவிடும். அதுதான் என் பயம்.

காலம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் பதுளை மாவட்டத்து வாக்காளர்கள் தேசிய மக்கள் சக்திக்கு ஆறு ஆசனங்கள் கொடுத்தார்கள். அந்த ஆறு பேரில் கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் நம்மவர்கள். பதுளையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் மலையகத் தமிழ்ப் பெண் அம்பிகா சாமுவேல். முன்பு நமக்காக அங்கே இருந்தவர்கள் மறுபடி நாடாளுமன்றம் போகவில்லை. தலைவர் சொன்ன சின்னத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறியிடும் காலம் முடிந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஆளை மாற்றுவது வேறு, கணக்குக் கேட்பது வேறு. புதிதாக வந்தவரிடமும் அதே கேள்வியைக் கேட்காவிட்டால் நாம் மாற்றியது கொடியின் நிறத்தை மட்டும்தான்.

தராசு

பெட்டியைத் திறந்த அன்று மாலையே இந்தச் சட்டங்களைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அமெரிக்கா, ஆணைக்குழு, 109 ரூபா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு துண்டுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னார்:

“மடுவத்துல கொழுந்து நிறுக்குறப்ப கூடைய வச்சிட்டு நீ வேற பக்கம் பாத்தீன்னா ரெண்டு கிலோ போயிரும் தம்பி. தண்ணிக் கழிவும்பாங்க, சாக்குக் கழிவும்பாங்க. நான் ஒரு நாளும் முள்ளுலருந்து கண்ண எடுக்க மாட்டேன். கணக்கப்பிள்ள எழுதுறதயும் எட்டிப் பாப்பேன். எழுதப் படிக்கத் தெரியாட்டியும் இலக்கம் தெரியும்ல.”

“சந்தாவுக்கு அப்படிப் பாத்தீங்களா அம்மா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அது நம்ம சங்கம்ல. நம்ம வீட்டுக்குள்ள யாரு தராசு வப்பா?”

அவர் சொன்னதில் இருந்த பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் வீட்டுக்குள்ளேயும் கணக்கு வேண்டும். சந்தேகத்தால் கேட்பதில்லை அது. நம்முடையது என்பதால் கேட்பது. துரையின் தராசை முறைத்துப் பார்க்கும் துணிவு அம்மாவுக்கு யார் கொடுத்தது? சங்கம்தான் கொடுத்தது. அந்தத் துணிவைச் சங்கத்திடமும் காட்டுவதில் என்ன குற்றம்?

அடுத்த ஞாயிறு மாரியம்மன் கோவில் முற்றத்தில் பொடியன்களும் பிள்ளைகளுமாகக் கூடினோம். தோட்டத் தலைவரையும் அழைத்திருந்தோம். எனக்கு மாமா முறை, அப்பாவோடு ஒன்றாகக் கவ்வாத்து வெட்டியவர். மரியாதையாகத்தான் கேட்டேன்.

“மாமா, நம்ம சந்தாவுல அரசியலுக்குன்னு தனி நிதி இருக்கா? இந்த எலக்சனுக்கு அதுல எவ்வளவு போச்சு?”

முற்றம் அமைதியாக இருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்து யோசித்தார்.

“இருபத்திரெண்டு வருசமா தலைவரா இருக்கேன் தம்பி. என்னய ஒருத்தரும் இதக் கேட்டதில்ல. நானும் மேல கேட்டதில்ல. எழுதுங்க. மொதக் கையெழுத்து நான் போடுறேன்.”

அங்கேயே கொப்பித் தாளில் கடிதம் எழுதினோம். மூன்றே கேள்விகள். தனி அரசியல் நிதி இருக்கிறதா? கடந்த தேர்தலில் அதிலிருந்து யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது? விரும்பாத அங்கத்தவர் அதற்குக் கொடுக்காமல் இருக்க என்ன வழி? தலைவர் மாமா சொன்னபடியே முதல் கையெழுத்தைப் போட்டார். பதினேழு பேர் அவருக்குக் கீழே போட்டார்கள். வேலையை விட்டு எட்டு வருடமானாலும் அம்மாவும் போட்டார். தமிழில், எழுத்து எழுத்தாக, மெதுவாக.

பதில் இன்னும் வரவில்லை. நினைவூட்டி மறுபடியும் எழுதியிருக்கிறோம். மாகாண சபைத் தேர்தல் எப்போது வந்தாலும், வாக்குக் கேட்டு இஸ்தோப்பு ஏறி வருகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், உட்காரச் சொல்லி, பிளேன்டீ கொடுத்து, உங்களுக்கு யார் சல்லி கொடுத்தது என்று கேட்பதென்று எங்கள் லயத்தில் முடிவு செய்திருக்கிறோம். முடிந்த பிறகு பதுளைக்குப் போய் அவர் கொடுத்த கணக்கைப் பார்ப்பதென்றும் பேசியிருக்கிறோம். பசறைப் பிள்ளையும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கேட்ட “இங்க?” என்ற கேள்விக்குப் பாடப் புத்தகத்தில் பதில் இல்லை, போய்த்தான் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் இதை யாராவது கேட்டிருந்தால், என்ன பதில் கிடைத்தது என்று எழுதுங்கள். சம்பளத் துண்டுகளை வீசாதீர்கள்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்த அன்று பற்றுச்சீட்டை அம்மாவிடம் கொடுத்தேன். அதை இரண்டாக மடித்து, தகரப் பெட்டியைத் திறந்து, சம்பளத் துண்டுகளைக் கட்டியிருந்த நூலுக்குள் செருகி வைத்தார்.